விரதமும் மருந்தும்: கணைய அழற்சி உள்ளோர் அறிய வேண்டியவை

இதயத்தைப் பற்றியும் சிறுநீரகத்தைப் பற்றியும் நாம் அறிந்த அளவுக்குக் கணையத்தைப் பற்றி அறிந்தோமில்லை. சர்க்கரை நோய் என்ற சொல் வீட்டுக்குள் நுழையும்போதுதான் அவ்வுறுப்பின் பெயர் நம் காதில் விழுகிறது. பிறகு அதையும் மறந்துவிடுகிறோம்.

காவிரிக் கரையிலுள்ள ஓர் ஊரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருந்த கடிதமே இவ்வாரக் கட்டுரைக்குக் காரணம். அவருடைய கணவருக்கு வயது 68. ஓராண்டில் உடல் எடை மளமளவென்று குறைந்தது, சர்க்கரையும் ஏறியது. சோதனைகளின் முடிவில் நாள்பட்ட கணைய அழற்சி என்று மருத்துவர் கூறினார். அம்மையார் மூன்று கவலைகளை எழுதியிருக்கிறார். முதலாவது, மதுவைத் தொட்டே அறியாத தம் கணவரை உறவினர் ஐயத்தோடு பார்க்கின்றனர் என்பது. இரண்டாவது, உணவோடு உட்கொள்ளுமாறு தந்த கேப்சூல் பன்றியின் கணையத்திலிருந்து செய்யப்படுவது என்று அறிந்தது முதல், பரம்பரைச் சைவ உணவினரான அவர் அதைத் தொட மறுக்கிறார் என்பது. மூன்றாவது, நாற்பது ஆண்டுகளாக விடாத ஏகாதசி உபவாசத்தை இனி என்ன செய்வது என்பது.

இப்பகுதியை எழுதும் நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன், மருத்துவன் அல்லன். ஆயினும் இந்நோயைப் பற்றி மருத்துவ உலகம் உறுதியாக அறிந்தவற்றைத் தொகுத்துச் சொல்வது பல குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன். மருந்தின் அளவையும் சிகிச்சையின் முறையையும் அவரவர் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கணையத்தின் இரு பணிகள்

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு கணையம். நீளம் ஏறத்தாழ 15 செ.மீ.; எடை ஏறத்தாழ 100 கிராம். அதற்கு இரண்டு பணிகள் உண்டு. ஒன்று, உணவைச் செரிக்கும் நீரைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் இவ்வாறு செல்கிறது. இதிலுள்ள என்சைம்களில் மாவுப் பொருளைச் செரிப்பது அமைலேஸ். கொழுப்பைச் செரிப்பது லைபேஸ். புரதத்தைச் செரிப்பது டிரிப்சின். மற்றொரு பணி, இன்சுலின் முதலிய சுரப்புகளை இரத்தத்தில் நேரடியாகக் கலப்பது. இச்சுரப்புகளைத் தரும் செல்கள் சிறு சிறு திட்டுகளாகக் கணையமெங்கும் சிதறிக் கிடப்பதை 1869ஆம் ஆண்டில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் கண்டறிந்தார். இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன.

இங்கே ஓர் ஐயம் எழும். புரதத்தையே கரைக்கும் டிரிப்சின், புரதத்தாலாகிய கணையத்தைக் கரைக்காமல் எப்படி விடுகிறது? வங்கிப் பெட்டகத்தை இரண்டு சாவிகள் இட்டே திறக்க முடியும் என்பதை அன்பர்கள் அறிவார்கள். ஒன்று வாடிக்கையாளரிடம் இருக்கும். மற்றொன்று வங்கியிடம் இருக்கும். கணையத்திலும் அத்தகைய ஏற்பாடே உள்ளது. கணையத்துக்குள் இருக்கும்வரை டிரிப்சின் உறங்கும் நிலையிலேயே இருக்கிறது. அதை எழுப்பும் சாவி சிறுகுடலின் சுவரில் இருக்கிறது. தப்பித் தவறிக் கணையத்துக்குள்ளேயே ஒரு சிறிதளவு விழித்துக்கொண்டால், அதை அடக்குவதற்குக் காவற்புரதம் ஒன்றும் அங்கே உண்டு.

இக்காவல் தளரும்போதும், செரிமான நீர் செல்லும் குழாய் அடைபடும்போதும், நச்சுப் பொருள்களால் செல்கள் சிதையும்போதும் கணையம் புண்படுகிறது. ஒருமுறை திடீரென்று வந்து ஆறுவது ஒரு வகை. மீண்டும் மீண்டும் புண்பட்டு, ஆறிய இடமெல்லாம் தழும்பாகி, குழாயில் சுண்ணாம்புக் கற்கள் படிந்து, உறுப்பே சுருங்கிப்போவது மற்றொரு வகை. இந்த இரண்டாவது வகையே நாள்பட்ட கணைய அழற்சி. தழும்பான பகுதி பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எஞ்சிய பகுதியைக் காப்பதும், குறைந்துபோனதை வெளியிலிருந்து ஈடு செய்வதுமே சிகிச்சையின் நோக்கம்.

மது அருந்தாதவருக்கும் வருமா?

வரும். உலகின் பல நாடுகளில் இந்நோய்க்கு மதுவே முதற்காரணம் என்பது உண்மை. புகைப்பழக்கம் தனித்தே இந்நோயை உண்டாக்க வல்லது. இருக்கும் நோயை விரைவுபடுத்தவும் வல்லது. ஆனால் தென்னிந்தியாவில் மதுவோடு தொடர்பில்லாத ஒரு வகை நெடுங்காலமாகவே உண்டு. 1959இல் இந்தோனேசியாவில் சுய்டெமா என்ற மருத்துவர் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார். அடுத்து வந்த ஆண்டுகளில் கேரளத்தின் மருத்துவர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளை ஆராய்ந்து இதன் இயல்பை விளக்கினார். இளமையில் வயிற்று வலி, பிறகு கணையத்தில் கற்கள், அதன் பிறகு சர்க்கரை நோய் என்பது அன்று கண்ட வரிசை. மரவள்ளிக் கிழங்கே காரணம் என்று ஒரு காலத்தில் கருதினார்கள். அக்கிழங்கை உண்ணாதவர்களிடமும் நோய் காணப்பட்டதால் அக்கருத்து நிலைபெறவில்லை. 2002இல் ஹைதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள், மேலே கூறிய காவற்புரதத்தை ஆக்கும் மரபணுவில் உள்ள மாற்றம் இந்நோயாளிகள் பலரிடம் இருப்பதை வெளியிட்டார்கள்.

இவை தவிர, இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக அதிகமாவது, கால்சியம் மிகுவது, குழாயில் ஏற்படும் அடைப்பு, உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தைத் தாக்குவது ஆகியனவும் காரணங்கள். கடைசியாகச் சொன்னது வயது முதிர்ந்த ஆண்களிடம் அதிகமாகக் காணப்படுவது. ஸ்டீராய்டு மருந்துக்கு நன்கு கட்டுப்படுவது. எவ்வளவு தேடியும் காரணம் புலப்படாதவர்களும் பலர் உண்டு.

ஆகவே மருத்துவர் மதுப்பழக்கத்தைப் பற்றி வினவினால் அதை இழிவாகக் கொள்ள வேண்டியதில்லை. அது எல்லாரிடமும் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் நோயின் பெயரைக் கேட்டவுடன் ஒருவரின் ஒழுக்கத்தை எடை போடும் உரிமை உறவினருக்கு இல்லை. பிணியால் வாடுபவர் மீது பழியையும் ஏற்றுவது பாவம்.

வலி இல்லாமலும் வரலாம்

மேல் வயிற்றில் தோன்றி முதுகுக்குப் பரவும் வலி, உணவுக்குப் பின் மிகுவது, முன்னோக்கிக் குனிந்து அமர்ந்தால் சற்றுத் தணிவது ஆகியன இந்நோய்க்குரிய அடையாளங்கள். எனினும் முதுமையில் தொடங்கும் வகையில் வலி சிறிதும் இல்லாமலேயே நோய் முற்றிவிடுவதுண்டு. அப்போது வேறு அறிகுறிகளே நமக்கு வழிகாட்டி.

அவற்றுள் முதன்மையானது மலத்தின் மாற்றம். சொல்லக் கூசி மறைப்பதாலேயே பலர் ஆண்டுக்கணக்கில் துன்புறுகிறார்கள் என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன். மலம் வெளிறி, மிகுந்த நாற்றத்தோடு, எண்ணெய்ப் பசையுடன் மிதந்து, எவ்வளவு நீர் ஊற்றினாலும் எளிதில் போகாமல் இருந்தால், உண்ட கொழுப்பு செரிக்காமல் வெளியேறுகிறது என்று பொருள். கணையத்தின் என்சைம் உற்பத்தியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குறைந்த பின்னரே இந்நிலை வருகிறது. இருப்பு நிதி முழுதும் கரைந்த பிறகே காசோலை திரும்புகிறது என்று கொள்ளலாம்.

கொழுப்போடு சேர்ந்து ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்களும் வெளியேறிவிடுகின்றன. அதனால் எலும்பு வலுவிழக்கிறது, மாலை மங்கலில் பார்வை குறைகிறது, தசை கரைகிறது. முதியோர் இடறி விழுந்தால் எலும்பு முறிவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் தோன்றி, உடன் எடையும் குறைந்தால், கணையத்தையும் சோதித்துப் பார்க்குமாறு மருத்துவரிடம் கேட்பது நலம்.

இரத்தத்தில் அமைலேஸ், லைபேஸ் அளவு சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் இந்நோய் இல்லை என்று முடிவு கட்ட இயலாது. நாள்பட்ட நிலையில் அவை இயல்பாகவே இருக்கலாம். சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன், எண்டோஸ்கோபி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட் ஆகியவை கணையத்தின் வடிவத்தைக் காட்டும். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற என்சைமின் அளவைக் காணும் சோதனை, கணையத்தின் செரிமான ஆற்றலைக் காட்டும்.

கேப்சூலும் ஆசாரமும்

குறைந்துபோன என்சைமை ஈடு செய்யும் மருந்து பன்றியின் கணையத்திலிருந்தே எடுக்கப்படுகிறது என்பது உண்மை. பூஞ்சையிலிருந்து எடுத்த என்சைம்களும் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் இந்நோய்க்கு அவை அதே அளவு பயன் தரும் என்பது நிறுவப்படவில்லை. இன்சுலினும் ஒரு காலத்தில் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே கிடைத்தது. 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலினையே உற்பத்தி செய்யும் முறை புழக்கத்துக்கு வந்தது. செரிமான என்சைமுக்கு அத்தகைய மாற்று இன்னும் பரவலாகக் கைக்கு வரவில்லை.

சாந்தோக்ய உபநிஷதத்தில் உஷஸ்தி சாக்ராயணர் என்ற ரிஷியின் வரலாறு வருகிறது. குரு தேசத்தில் பயிரெல்லாம் அழிந்து பஞ்சம் சூழ்ந்த காலம். பசியால் உயிர் போகும் நிலையில் இருந்த அவர், தானியம் உண்டுகொண்டிருந்த யானைப்பாகன் ஒருவனிடம் யாசித்தார். தன்னிடம் எச்சிலானதைத் தவிர வேறில்லை என்றான் அவன். அதையே தருமாறு கேட்டு வாங்கி உண்டார் ரிஷி. பாகன் தான் குடித்து மிஞ்சிய நீரையும் நீட்டினான். அதை மறுத்துவிட்டார். தானியம் மட்டும் எச்சில் இல்லையோ என்று அவன் கேட்டபோது, அதை உண்ணாவிடில் தாம் உயிரோடு இருந்திருக்க முடியாது என்றும், நீரோ வேண்டிய இடத்தில் கிடைக்கும் என்றும் விடை பகர்ந்தார்.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் உள்ளன. உயிர் நிலைக்க இன்றியமையாததை அவர் ஏற்றார். இன்றியமையாததல்லாததை அந்நிலையிலும் விலக்கினார். உயிருக்கு நேர்ந்த இடரில் ஒன்றை ஏற்றதால் அவருடைய நெறி முழுதும் குலைந்துவிடவில்லை. மறுநாள் அரசனின் வேள்விக்குச் சென்று, அங்கே பெருமதிப்போடு வரவேற்கப்பட்டார் என்றே அவ்வரலாறு தொடர்கிறது. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் ஆபத்தர்மம் என்று ஒரு பகுதியே தனியாக இருப்பதும் நினைவுகூரத் தக்கது.

முடிவு நோயாளியினுடையது, அதை எவரும் அவர் மீது திணிக்கலாகாது. ஆனால் விளைவை அறிந்து எடுக்கும் முடிவாக அது இருக்க வேண்டும். மருந்தை விட்டால் உண்ணும் உணவு உடலில் சேராது. பசியின்றியே பட்டினி கிடப்பதற்கு ஒப்பாகும். கேப்சூலை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, உட்கொள்வதாக மருத்துவரிடம் கூறுவோரும் உளர். அவர் அதை நம்பி அளவைக் கூட்டுவார். வேறு நோயைத் தேடுவார். மனத்தடையை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை.

உட்கொள்ளும் முறையிலும் கவனம் வேண்டும். வெறும் வயிற்றில் உண்பதாலோ, உணவு முடிந்து அரைமணி நேரம் கழித்து உண்பதாலோ பயன் மிகக் குறைவு. உணவோடு கலந்து சிறுகுடலுக்குச் செல்ல வேண்டும் என்பதால் முதற்கவளத்தோடு தொடங்கி, ஒன்றுக்கு மேற்பட்டதாயின் உணவின் இடையிலும் பிரித்து உட்கொள்ள வேண்டும். முக்கிய உணவுக்கு 40,000 முதல் 50,000 அலகு லைபேஸ், சிற்றுண்டிக்கு அதில் பாதி என்பது வயது வந்தோர்க்கு வழக்கமான தொடக்க அளவு. மென்று விழுங்கக் கூடாது. சூடான காப்பியோடு விழுங்கக் கூடாது. வெப்பம் என்சைமைக் கெடுத்துவிடும். அடுப்பங்கரையில் வைக்காமல் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். முழுதாக விழுங்க இயலாதவர், கேப்சூலைத் திறந்து உள்ளிருக்கும் மணிகளை மசித்த ஆப்பிளில் கலந்து மெல்லாமல் விழுங்கலாம். நெய்யோ எண்ணெயோ சேர்ந்த சிற்றுண்டிக்கும், ஒரு குவளைப் பாலுக்கும் மருந்து உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை.

உணவும் பிரசாதமும்

இந்நோய் என்றவுடன் எண்ணெய், நெய், பால் அனைத்தையும் நிறுத்திக் கஞ்சி மட்டும் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அன்பினால் செய்தாலும் இது தீங்கு. இந்நோயாளிகளுக்கு ஊட்டக்குறைவே பெரும் பகை. போதிய என்சைம் மருந்தோடு உண்டால் கொழுப்பை அளவுக்கு மீறிக் குறைக்கத் தேவையில்லை என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. மூன்று பெரிய வேளைகளுக்குப் பதிலாக ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்து உண்பது நன்று. பருப்பு, தயிர், பனீர் போன்ற புரத உணவு நாள்தோறும் இருக்க வேண்டும். நார்ச்சத்தை மிக அதிகமாகச் சேர்த்தால் என்சைமின் வேலை தடைபடும். ஆகவே எல்லார்க்கும் நல்லது என்று தவிட்டுணவைக் குவிக்க வேண்டாம்.

கோயிலில் கிடைக்கும் சர்க்கரைப் பொங்கலில் நெய்யும் வெல்லமும் மிகுதி; வடையிலும் புளியோதரையிலும் எண்ணெய் மிகுதி; பஞ்சாமிர்தம் முழுதும் இனிப்பு. பிரசாதத்தின் பெருமை அதன் அளவில் இல்லை. ஒரு துளியைக் கண்ணில் ஒற்றி வாயில் இட்டுக்கொண்டு, எஞ்சியதை அருகிலிருக்கும் குழந்தைக்குக் கொடுத்துவிடலாம். ஒரு தொன்னை நிறைய உண்ண நேர்ந்தால் அதை ஒரு வேளை உணவாகவே கருதி மருந்தும் கொள்ள வேண்டும்.

உபவாசமும் இன்சுலினும்

கணையம் சிதைவதால் வரும் சர்க்கரை நோய்க்கும் மற்ற வகைக்கும் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் மட்டுமன்றி, குறைந்த சர்க்கரையை உயர்த்தும் குளூக்ககான் என்ற சுரப்பும் இங்கே குன்றிவிடுகிறது. ஆகவே சர்க்கரை தாழ்ந்தால் உடல் தானே மீட்டுக்கொள்ளும் ஆற்றல் குறைவு. இன்சுலின் போட்டுக்கொண்டு முழு உபவாசம் இருப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். உபவாசத்துக்காக இன்சுலினைத் தாமாகவே நிறுத்திவிடுவதும் ஆபத்தே.

உத்தியோக பருவத்தில் விதுரர், விரதத்தைக் கெடுக்காத பொருள்கள் எட்டினை எண்ணும்போது நீர், கிழங்கு, கனி, பால் ஆகியவற்றோடு மருந்தையும் சேர்த்தே கூறுகிறார். பிணியாளர்க்கும் முதியோர்க்கும் நம் பெரியோர் விலக்கு அளித்தே வந்திருக்கின்றனர். ஏகாதசியன்று அரிசியைத் தவிர்த்து, பால், பழம், கிழங்கு முதலியவற்றைச் சிறு சிறு வேளைகளாக மருந்தோடு உண்டு, மீந்த பொழுதை நாம ஜபத்தில் கழிக்கலாம். அன்றைய இன்சுலின் அளவை முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இத்தகைய நடைக்கு இவர்கள் தனியே செல்லலாகாது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாறிய பேச்சு ஆகியவை சர்க்கரை தாழ்வதன் அடையாளங்கள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வலிக்குத் தீர்வு உண்டா?

வலி மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கி உண்பது முதியோரின் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பாதிக்கும்; வலிமை மிக்கவை பழக்கமாகவே மாறிவிடும். மருத்துவர் படிப்படியாகத் தருவதையே உண்ண வேண்டும். குழாயில் கல் அடைத்திருந்தால், வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்தி அதைப் பொடியாக்கலாம். எண்டோஸ்கோபி மூலம் எடுத்துவிட்டு ஸ்டென்ட் வைக்கலாம். குழாய் விரிந்து வலி தீராதவர்க்கு அறுவை சிகிச்சையும் உண்டு. அறுவையைக் கடைசி வழி என்று தள்ளிப் போடுவதே பழைய வழக்கம். நெதர்லாந்தில் 88 நோயாளிகளிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், தக்கவர்க்கு முன்னதாகவே அறுவை செய்தபோது அடுத்த ஒன்றரை ஆண்டில் வலி குறைவாக இருந்தது தெரியவந்தது. எனவே அறுவையைப் பற்றி மருத்துவர் பேசினாலே நிலைமை கைமீறிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை.

குடும்பத்தார்க்குச் சில வார்த்தைகள்

ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை எடை, நாள்தோறும் உட்கொண்ட கேப்சூல், சர்க்கரை அளவு, மலத்தின் தன்மை ஆகிய நான்கையும் அதில் எழுதுங்கள். மருத்துவர் வினவும்போது நினைவிலிருந்து தடுமாறுவதைவிட, ஏட்டைக் காட்டுவது மேல். எடை கூடி, மலம் சீராகுமானால் மருந்து போதுமானது. இல்லையெனில் அளவு மாற வேண்டும்.

ஆண்டுக்கொரு முறை வைட்டமின் அளவுகளையும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எலும்பின் அடர்த்தியையும் சோதியுங்கள். இந்நோய் உள்ளவர்க்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம். ஆகவே புதிய வலி, மஞ்சள் காமாலை, காரணமின்றி மீண்டும் எடை குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதம் கூடாது. மதுவோ புகையிலையோ பழக்கமிருந்தால் எவ்வயதிலும் விட்டுவிடுவது பயன் தரும்.

கோயிலுக்குப் போகும் வழியில் கழிவறை தேட நேருமோ, அருகில் நிற்பவர் முகம் சுளிப்பாரோ என்று அஞ்சியே இவர்கள் வீட்டுக்குள் ஒடுங்கிவிடுகிறார்கள். மருந்தைச் சரியான அளவில், சரியான நேரத்தில் உட்கொண்டால் இத்தொல்லை பெரிதும் குறையும். கூட்டமில்லாத பொழுதில், உணவுக்கும் புறப்பாட்டுக்கும் இடையே போதிய நேரம் விட்டு, துணைக்கு ஒருவராக உடன் சென்று பாருங்கள். கர்ப்பக்கிருகத்தின் தீபத்தை அவர் மீண்டும் நேரில் காண்பதற்கு நீங்கள் செய்யும் இச்சிறு உதவி, எந்தக் கைங்கரியத்துக்கும் குறைந்ததன்று.